ராத்திரிப் பல் விளக்கல்: அரிசி அளவா, பட்டாணி அளவா?

காலையில் தவறாமல் பல் விளக்கிவிடும் வீடுகளில்கூட ராத்திரி விட்டுப்போகிறது. நாட்டுச் சர்க்கரை போட்ட பாலைக் குடித்தபடியே குழந்தை தூங்கினால் இனிப்பு பல்லிலேயே தங்கும். தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் அது கழுவிப் போகாது. மேல் முன்பற்கள்தான் முதலில் சொத்தையாகும். அதனால் பால் முதலில், பிறகு பிரஷ், அதற்கப்புறம் வெறும் தண்ணீர் மட்டும்.

பேஸ்ட் 3 வயது வரை ஓர் அரிசி அளவு. 3 முதல் 6 வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். சின்னக் குழந்தைகள் துப்பாமல் விழுங்கிவிடும்; பெரும்பாலான பேஸ்டில் பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடு என்ற தாது உப்பு இருக்கிறது. தருமபுரிப் பக்கமும் சேலம் மாவட்டத்தில் சில ஊர்களிலும் போர் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம். அது மிகுதியாக உள்ளே போனால், ஈறுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பற்களில் வெள்ளை, பழுப்புத் திட்டுகள் விழும்.

தலையை மடியில் சாய்த்து, "ஆ காட்டு சாமி" என்று உதட்டை விரலால் தூக்குங்கள். கடைவாய்ப் பல்லில் தொடங்குங்கள்; முன்பல்லில் தொடங்கினால் அங்கேயே குழந்தையின் பொறுமை தீர்ந்துவிடும். பிரஷை ஈறோரம் சாய்த்துச் சின்னச் சின்ன வட்டமாக, மொத்தம் 2 நிமிடம். அழுத்தித் தேய்த்தால் ஈறு புண்ணாகி, மறுநாள் வாயைத் திறக்கவே மறுக்கும். நுரையைத் துப்பினால் போதும், நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். 7 வயது வரை கடைசிச் சுற்று பெரியவர் கையில்தான். நார் விரிந்த பிரஷை, 3 மாதம் ஆகாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.