கடல் அலையை வைத்துக் காந்த அலையைப் புரிந்துகொள்ளாதீர்கள்

பாம்பனிலோ மண்டபத்திலோ வளர்ந்தவர்களிடம் பிளாஸ்மாவில், அதாவது மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த வாயுவில், அலை ஓடுகிறது என்று சொன்னால், அவர்கள் மனத்தில் எழுவது கடல்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கடலில் மேடாகும் நீரைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. சூரியனைச் சூழ்ந்த பிளாஸ்மாவில் அந்த வேலையைச் செய்வது காந்தப்புலத்தின் இழுவிசை. விறைப்பாக நிற்கும் நங்கூரக் கயிற்றைத் தட்டினால் அதிர்வு கயிற்றின் வழியே ஓடுமல்லவா, அப்படிக் காந்தக் கோடுகளின் வழியே ஓடுவதுதான் ஆல்ஃபென் அலை. ஆட்டமெல்லாம் பக்கவாட்டில், பிளாஸ்மா அடர்வதுமில்லை, கலைவதுமில்லை. ஸ்வீடன் நாட்டு ஹான்னஸ் ஆல்ஃபென் 1942இல் இதைக் கணித்துச் சொன்னார். நோபல் பரிசு வர 1970 ஆயிற்று.

ரேடியோ அலையோடு இதைக் குழப்பவும் வேண்டாம். ரேடியோ அலை வெற்றிடத்திலும் ஒளியின் வேகத்தில் போகும். ஆல்ஃபென் அலைக்கோ மின்னூட்டத் துகள்கள் இருந்தாக வேண்டும். காந்தப்புலம் வலுத்தால் அதன் வேகம் கூடும். பிளாஸ்மா அடர்ந்தால் குறையும்.

அலையின் வேகத்தையும், சூரியனிலிருந்து வெளியே பாயும் பிளாஸ்மாவான சூரியக் காற்றின் வேகத்தையும் ஒன்றாக எண்ணுவதுதான் என் கணக்கில் பெரிய பிழை. பூமிக்கருகே சூரியக் காற்று நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வீசுகிறது, அதனுள் ஆல்ஃபென் அலையின் வேகம் 50 கி.மீ. அளவே. எனவே சூரியனை நோக்கிக் கிளம்பும் அலையையும் காற்று வெளியே அடித்து வந்துவிடும். சூரியனுக்கு அருகே நிலைமை தலைகீழ்: அங்கே அலை காற்றை எதிர்த்துச் சூரியனுக்கே திரும்பலாம். இரு வேகங்களும் சமமாகும் எல்லையை நாசாவின் பார்க்கர் விண்கலம் 2021 ஏப்ரல் 28 அன்று, சூரியப் பரப்புக்கு மேலே சுமார் 1.3 கோடி கி.மீ. தொலைவில், முதன்முறையாகக் கடந்தது.

பரப்பில் 5,500 டிகிரி செல்சியஸ் இருக்க, மேலுள்ள வெளி வளிமண்டலமான கொரோனா பத்து லட்சம் டிகிரியைத் தாண்டுவது இந்த அலைகளால் மட்டுமே என்று அடித்துச் சொல்வது அவசரம். சிறுசிறு சூரிய வெடிப்புகளின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் தீரவில்லை.

சூரியப் புயலால் தனுஷ்கோடியில் கடல் சீறுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீற்றம் பூமியில் வீசும் காற்றால் வருவது. ஆல்ஃபென் அலை நாம் சுவாசிக்கும் காற்றில் ஓடாது. மேலே மின்னூட்டத் துகள்கள் உள்ள அயனி மண்டலத்தோடு சரி. தரைக்கு எட்டுவது காந்தமானிக்கு மட்டுமே தெரியும் நடுக்கம். நம் பகுதியில் புவிக் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) என்றால், அந்த நடுக்கம் பெரும்பாலும் சில நானோடெஸ்லாதான். அதையும் அளக்கக் புவிக் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் காந்த நடுக்கோட்டுக்கு அருகே, திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது.