இரு வீட்டு வாயிலும் நிற்கும் பழைய பெயர்: பெயரிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையின் கொண்டித்தோப்பிலும் சௌகார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் தமிழ் வீட்டாரும் தெலுங்கு வீட்டாரும் சம்பந்தம் செய்துகொள்வது புதிய செய்தி அன்று. பிறக்கும் குழந்தைக்குக் கொள்ளுப்பாட்டி காலத்துப் பெயரை வைக்க வேண்டும், அது இரண்டு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும் என்று இளம் பெற்றோர் கேட்பதுதான் அண்மைக்காலமாகக் கூடியிருக்கிறது. 'ஷ்', 'ஸ்' என்று முடியும் பெயர்களையே பள்ளி வருகைப் பதிவேடு முழுவதும் கேட்டுச் சலித்தவர்களுக்கு அலமேலுவும் தியாகராஜனும் இனிக்கத்தான் செய்யும். பெயரைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் தவறுகள் நேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை, இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் உட்காரவைத்து அந்தப் பெயரை உரக்கக் கூப்பிடச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கக்கூடியவை.

பொருளை ஒரு மொழியில் மட்டும் பார்த்து முடிவு செய்வது இவற்றுள் முதன்மையானது. நல்லம்மாள், நல்லமுத்து, நல்லதம்பி, நல்லசிவம் எனத் தமிழில் 'நல்ல' என்று தொடங்கும் பழைய பெயர்கள் பல உள்ளன. தெலுங்கில் 'நல்ல' என்றால் கருப்பு. கொள்ளுப்பாட்டியின் நினைவாகக் குழந்தைக்கு நல்லம்மாள் என்று பெயர் வைத்தால், நெல்லூரிலிருந்து வரும் பெரியம்மா தொட்டிலுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, 'பில்ல தெல்லகானே உந்தி கதா' என்பார். பிள்ளை சிவப்பாகத்தானே இருக்கிறாள், பிறகேன் இந்தப் பெயர் என்பது அவருடைய கேள்வி. அதில் கேலி எதுவும் இல்லை, உண்மையான குழப்பமே இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெண் வளர்ந்து போகும் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அவளுடைய நிறத்தைப் பற்றிய பேச்சை அந்தப் பெயரே தொடங்கிவைக்கும் என்பதால், இதைச் சிரித்துவிட்டு ஒதுக்கிவிட முடியாது.

முல்லை என்ற பெயரிலும் சிறு சிக்கல் உண்டு. தெலுங்கில் 'மூட்டா முல்லே' என்றால் மூட்டை முடிச்சு. பிச்சிப்பூவை மனத்தில் வைத்துப் பெண்ணுக்குப் பிச்சி என்று பெயரிட்டால், தெலுங்கர் காதில் அது பைத்தியம் என்றே விழும். பிச்சைமுத்து என்ற தாத்தாவின் பெயர் வீட்டில் 'பிச்சி' என்று சுருங்கினாலும் அதே கதைதான். எனவே முழுப்பெயரை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது; அது எப்படிச் சுருங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் குழந்தை நாள் முழுவதும் கேட்கப்போவது அந்தச் சுருக்கத்தைத்தான்.

ஆனால் ஒவ்வோர் அசையையும் இரண்டு அகராதிகளில் தேடிக்கொண்டிருந்தால் எந்தப் பெயரும் தேறாது. மல்லி என்று கேட்டால் மளிகைக் கடைக்காரர் தனியாவை எடுத்து நீட்டுகிறார்; தெலுங்கில் 'மள்ளீ' என்றால் மறுபடியும் என்று பொருள். இவ்வளவுக்கும் நடுவில் மல்லிகா என்ற பெயர் இரண்டு மொழியிலும் ஒரு குறையும் இல்லாமல் புழங்குகிறது. தற்செயலாக ஒலி ஒத்துப்போவது ஒன்று, ஆளையே பழிப்பதுபோல் பொருள்படுவது வேறு. இரண்டாவது வகைக்கு மட்டும் அஞ்சினால் போதும்.

பெயரின் பொருளை மொழிபெயர்த்து வீட்டுக்கு ஒரு பெயராக வைத்துக்கொள்வதும் சிலர் செய்யும் காரியம். திருவொற்றியூர் வடிவுடையம்மனை நேர்ந்துகொண்டு பிறந்த பெண்ணை அப்பா வீட்டில் வடிவு என்றும் அம்மா வீட்டில் சுந்தரி என்றும் அழைப்பார்கள். அம்மன் அளவில் இது பொருந்தும். வீணை குப்பய்யரின் விருந்தினராகத் திருவொற்றியூருக்கு வந்த தியாகராஜர், அதே அம்மனைத் திரிபுரசுந்தரி என்று விளித்துத் தெலுங்கில் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். குழந்தை விஷயத்தில் அவ்வாறு பொருந்துவதில்லை. பள்ளியில் எந்தப் பெயர், தடுப்பூசி அட்டையில் எந்தப் பெயர், அத்தை கேட்டால் எந்தப் பெயர் என்று ஐந்து வயதிலேயே அதற்குக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. இரண்டு பெயர் வேண்டாம். ஒரே பெயர் இரண்டு வடிவில் ஒலிப்பதில் தவறில்லை.

ஒரே பெயர் இரு வடிவங்களில் வாழ்வதற்கு அலமேலுவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அலர்மேல்மங்கை என்ற தமிழ்ப்பெயர் திருச்சானூர்த் தாயாரின் பெயராகித் தெலுங்கில் அலமேலுமங்க என்று குழைந்து, அன்னமாச்சாரியாரின் பாட்டில் ஏறி, பின்னர் ஆந்திரப் பெண்களின் சொந்தப் பெயராகவே ஆகிவிட்டது. இன்று அது எந்த மொழிப் பெயர் என்று இரண்டு பக்கத்திலும் எவரும் கேட்பதில்லை. கோதையும் அப்படியே. ஆண்டாளின் கதையைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்குக் காவியமாகவே எழுதியிருக்கிறார். தெலுங்கு நாட்டில் அவள் கோதாதேவி. ஆண் குழந்தை என்றால் தியாகராஜன் இருக்கிறான். திருவொற்றியூரில் கோயில் கொண்டிருக்கும் இறைவனின் பெயர் அது. திருவாரூரில் 1767இல் பிறந்து, அவ்வூர் இறைவனின் பெயரையே ஏற்றுத் தெலுங்கில் பாடிய வாக்கேயக்காரரின், அதாவது பாட்டையும் இசையையும் தாமே அமைத்தவரின், பெயரும் அதுவே. தெலுங்கர் அவரைத் தியாகய்யா என்பர். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரில் பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரியே இருக்கிறது. இத்தகைய பெயர்களைக் கோயிலும் பாட்டும் ஏற்கெனவே இரண்டு மொழிக்கும் பழக்கிவிட்டன. பெற்றோர் புதிதாகச் செய்ய வேண்டியது எதுவுமில்லை.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் இதே வேலையை ராயபுரத்துக் கத்தோலிக்கர் நெடுங்காலமாகச் செய்துவந்திருக்கிறார்கள். பீட்டர் இராயப்பராகவும் பால் சின்னப்பராகவும் ஜோசப் சூசையப்பராகவும் இக்னேஷியஸ் இன்னாசியாராகவும் வழங்கினர். பேரனுக்குச் சூசை என்று பெயரிடும் குடும்பங்கள் மறுபடியும் தென்பட்டால் எனக்கு மகிழ்ச்சியே. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஜோசப் என்றும் பிறப்புச் சான்றிதழில் சூசை என்றும் எழுதிவைப்பது மட்டும் வேண்டாம். பதினெட்டு ஆண்டு கழித்து இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டியவன் அந்தப் பையன்.

ஒலியைப் பற்றிய தவறுகளில் ழகரம் பேர்போனது. இன்றைய தெலுங்கில் அந்த ஒலி இல்லாததால் குழலி அங்கே குளலி ஆகிறாள். தெலுங்கரைக் குறைசொல்வதற்கு முன், வாழைப்பழத்தை 'வாயப்பயம்' ஆக்கிய நம் பேட்டைகளின் நாக்கையும் நினைத்துக்கொள்வது நியாயம். ழகரப் பெயர் வைக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தையைத் தினமும் கூப்பிடப்போகும் நான்கு பேரில் மூவருக்கு அந்த எழுத்து வராது என்றால், தாத்தா பாட்டியைத் திருத்துவதே வாழ்நாள் வேலையாகிவிடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு குழப்பம் நட்சத்திர எழுத்தில் வருகிறது. அசுவினி நட்சத்திரத்துக்கு முதல் எழுத்தாகத் தமிழ்ப் பஞ்சாங்கம் சு, சே, சோ, லா என்று காட்டும். அதைப் பார்த்துச் சுசீலா என்றோ சோமசுந்தரம் என்றோ முடிவு செய்துவிட்டு, தொட்டில் போடும் அன்று தெலுங்குப் புரோகிதரிடம் சொன்னால் அவர் தலையை ஆட்டி மறுப்பார். அவருடைய பஞ்சாங்கத்தில் இருப்பது, 'அச்சு' என்ற சொல்லில் ஒலிக்கும் வல்லின 'ச்சு'; சுசீலாவின் 'சு'வுக்குத் தெலுங்கில் தனி எழுத்து இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. எழுத்துப் பொருத்தம் பார்க்கும் வீடுகள் இதை முன்கூட்டியே இரு பக்கத்துப் புரோகிதர்களிடமும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. எழுத்துப் பொருத்தத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம், நானும் தாண்டியிருப்பேன்.

பெயரின் முடிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தமிழ் ஆண்பெயர் 'அன்' என்று முடிய விரும்பும். தெலுங்குப் பெயர் உயிரொலியில் முடிய விரும்பும். ராமன் ராமுடு ஆவான், ராஜம்மாள் ராஜம்மா ஆவாள். இது தானாக நடப்பது, தடுக்க வேண்டியதில்லை. சான்றிதழில் ஒரு வடிவம் இருக்கட்டும், வாயில் இரண்டும் இருக்கட்டும்.

பழைய பெயர் என்பதாலேயே எல்லாப் பெயரையும் மீட்டெடுக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறந்த குழந்தைகள் தங்காத வீடுகளில், அடுத்த குழந்தையாவது பிழைக்கட்டும் என்று குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயரிட்டார்கள். தெலுங்கு வீடுகளில் அதே வழக்கத்தில் பெண்டய்யாவும் பெண்டம்மாவும் பிறந்தார்கள். 'பெண்ட' என்பதும் குப்பைமேடுதான். அந்தப் பெயர்களில் ஒரு தாயின் பயம் இருக்கிறது என்பதை அறிந்து மதிப்பது வேறு, 2020களில் பிறந்த குழந்தையின் தலையில் அதை ஏற்றுவது வேறு. கொள்ளுப்பாட்டியின் பெயர் குப்பம்மாளாக இருந்தால், அவர் கும்பிட்ட சாமியின் பெயரை எடுத்துக்கொள்ளலாம். காமாட்சி என்றால் இரு மொழியிலும் ஓடும்.

பெரியவர் பெயரை வைப்பதில் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் பல வீடுகளில் இன்னும் மறையவில்லை. பேரனுக்குத் தாத்தாவின் பெயரை ஆசையாக வைத்துவிட்டு, அவனை அதட்ட வேண்டிய நேரத்தில் அம்மா தவிப்பார். கடைசியில் பையன் அப்புவாகவும் பாபுவாகவும் வளர்வான். பழைய பெயர் பள்ளியில் மட்டும் கிடக்கும். கூப்பிட முடியாத பெயரை வைப்பதைவிட, தாத்தா உயிரோடிருந்தால் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டு, மருமகள் அந்தப் பெயரைச் சொல்லலாம் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்துவிடலாம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கடைசி நிமிடத்துக்கு ஒத்திப்போடுவது அடுத்த தவறு. கோதையின் முதல் எழுத்துக்கு ஆங்கிலக் 'கே'யைப் போட்டால் ஆந்திரத்து உறவினர் அதைக் கோதாவோடு சேர்த்துப் பார்க்கவே மாட்டார். 'ஜி'யைப் போட்டால் அங்கே பொருந்தும், தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர் ஒரு கணம் தயங்குவார். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, தேர்ந்தெடுத்தது எல்லா ஆவணத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நியூமராலஜி பார்த்து நடுவில் ஓர் 'எச்'சையும் கடைசியில் ஓர் 'ஏ'வையும் கூடுதலாகச் செருகுவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். இரண்டு மொழிக்கும் பொதுவாக ஒலிக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எடுத்த பெயரை, எந்த மொழியிலும் நேராகப் படிக்க முடியாதபடி அது ஆக்கிவிடுகிறது.

தலைப்பெழுத்தையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும். தமிழர் அப்பாவின் பெயரின் முதல் எழுத்தைப் போடுவார்கள், இப்போது அம்மாவின் எழுத்தையும் சேர்ப்பவர்கள் உண்டு. தெலுங்கர் 'இண்டிபேரு' எனப்படும் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள். இரண்டையும் கலந்து மூன்று எழுத்துகளைப் போட்டுவிட்டால், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டங்கள் வரும்போது எதை எங்கே விரித்து எழுதுவது என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் ஆற அமரப் பார்க்கச் சட்டமே நேரம் தருகிறது. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பெயரையும் அதற்குள் கொடுத்தாக வேண்டும் என்று பலர் பதற்றப்படுகிறார்கள். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். பதிவு செய்ததிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், அதில் ஏறும் பெயரைப் பிறகு மாற்றுவது எளிதன்று. ஆகவே மாநகராட்சிக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் குழந்தையின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பெற்றோர் பெயர்கள் அவரவர் ஆதார் அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒத்துப்பார்த்து, இரண்டு வீட்டிலும் ஒருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.