கூட்டாட்சி வரலாறு: நம் பிள்ளைகள் வழுக்கும் இடங்கள்

தில்லி கரோல் பாக்கில் அறையெடுத்து ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் தமிழில் எழுதும் விடைத்தாள்களை ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்திக் கொடுக்கிறேன். கூட்டாட்சி (நடுவில் ஓர் அரசும் மாநில அரசுகளும் அதிகாரத்தைப் பங்கிட்டு ஆளும் முறை) என்று கேள்வி வந்தால் போதும், பேனா சிவப்பாகிவிடும்.

அதைக் 'கூட்டணி ஆட்சி' என்று எழுதிவைப்பது வெறும் கவனக்குறைவு. ஒருமுறை சொன்னால் போய்விடும். 1787-இல் அமெரிக்காவில் கூட்டாட்சி பிறந்தது, அதை நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம் என்ற கதைதான் லேசில் போகாது.

அமெரிக்காவே முதல் தடவை தேறவில்லை. 1781-இல் நடைமுறைக்கு வந்தது வெறும் கூட்டமைப்பு, அதாவது தனித்தனி மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்த அமைப்பு. நடுவில் இருந்த காங்கிரஸ் என்ற பொது அவைக்கு வரி போட அதிகாரமில்லை, 13 மாநிலங்களிடமும் கையேந்த வேண்டும். போர்க்கடனை அடைக்க இறக்குமதிக்கு 5 சதவீத வரி கேட்டார்கள். ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் முடியாது என்றது. 13 பேரும் ஒப்பினால்தான் திருத்தம் என்பதால் பேச்சு அதோடு சரி. இப்படிப்பட்ட தலைவலிகளால்தான் 1787-இல் பிலடெல்பியாவில் கூடினார்கள். கூட்டமைப்பையும் கூட்டாட்சியையும் ஒன்றாக்கினால் இது புரியவே புரியாது. (பெயரையும் நம்பாதீர்கள். 1848-லேயே கூட்டாட்சியான சுவிட்சர்லாந்து இன்றும் தன்னைக் கூட்டமைப்பு என்றுதான் சொல்லிக்கொள்கிறது.)

நம் கதை தலைகீழ். ஒரே கையில் இருந்த அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக மாகாணங்களுக்கு இறங்கியது. ஆங்கிலேயர் கொண்டுவந்த 1935 இந்திய அரசுச் சட்டத்தோடு கூட்டாட்சி வந்துவிட்டது என்று எழுதாதீர்கள். சமஸ்தானங்கள் சேர முன்வராததால் அந்தப் பகுதி ஏட்டோடு நின்றது; 1937-இல் வந்தது மாகாண சுயாட்சி மட்டும். அரசமைப்பின் முதல் பிரிவு 'மாநிலங்களின் ஒன்றியம்' என்று சொல்வதற்கான காரணத்தை 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கரே விளக்கினார்: இது மாநிலங்கள் போட்ட ஒப்பந்தத்தில் பிறந்ததல்ல, பிரிந்துபோகும் உரிமையும் எந்த மாநிலத்துக்கும் இல்லை.

அப்புறம், தில்லி. இங்கேயே குடியிருந்துகொண்டு 'தில்லி மாநில அரசின் காவல்துறை' என்று எழுதியிருந்தான் ஒருவன். பால்கனிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். முனையில் நிற்கும் போலீஸ்காரர் ஒன்றிய உள்துறையின் ஆள். அவர் கைகாட்டி நிறுத்திய டி.டி.சி. பஸ் தில்லி அரசுடையது. 1991-இல் வந்த 69-ஆவது திருத்தம் சட்டப்பேரவையைக் கொடுத்தது. காவல், பொது ஒழுங்கு, நிலம் மூன்றையும் கொடுக்கவில்லை.

"அப்போ இது மாநிலமா இல்லையாண்ணா?"

சட்டப்பேரவை உள்ள ஒன்றியப் பிரதேசம் என்று எழுதச் சொன்னேன்.