ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 19 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். அலுவலகத்தில் நாங்கள் ஐந்து பேர். மின்னஞ்சல், வங்கி, ஜிஎஸ்டி, வருங்கால வைப்பு நிதி, குன்னூர் ஏலம் என்று கடவுச்சொல் கேட்கும் தளங்கள் பதினொன்று. நெடுங்காலம் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்தான்: தொழிற்சாலையின் பெயர், அதன் பின்னால் 123. அதைச் சீட்டில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி மழையில் ஒரு நாள், கோயம்புத்தூரில் எங்களிடம் தூள் வாங்கும் வியாபாரி தொலைபேசியில் அழைத்தார். "ஏம்மா, வங்கியை மாற்றிவிட்டீர்களா? புதுக் கணக்கு எண் வந்திருக்கிறதே" என்றார். நாங்கள் எதையும் மாற்றவில்லை. ஆனால் அந்த மின்னஞ்சல் எங்கள் முகவரியிலிருந்துதான் போயிருந்தது; எங்கள் பில் எண்கூடச் சரியாக இருந்தது. அவர் அனுப்பவிருந்தது, பச்சைத் தேயிலை கொடுத்த சிறு விவசாயிகளுக்கு அந்த மாதம் பட்டுவாடா செய்ய வேண்டிய பணம். அவர் ஒரு வார்த்தை கேட்டதால் தப்பியது.

உடனே கடவுச்சொல்லை மாற்றினோம். அது மட்டும் போதாது என்று மறுநாள்தான் புரிந்தது. மின்னஞ்சல் அமைப்புகளைத் திறந்து பார்த்தால், அந்த வியாபாரியிடமிருந்து வரும் எதுவும் நேராகக் குப்பைக்குப் போகும்படி யாரோ ஒரு வடிகட்டியைப் போட்டு வைத்திருந்தார்கள். ஆகவே இப்படி நேர்ந்தால் வேறொரு நல்ல கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள். வடிகட்டிகளையும், கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் அமைப்பையும் பாருங்கள். கணக்கை மீட்பதற்கான கைபேசி எண் யாருடையது என்றும் பாருங்கள். எங்களுடையது மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற மேலாளரின் எண். பணம் போயே விட்டது என்றால் முதலில் இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள். போன பணத்தைத் திருடியவர் எடுப்பதற்குள் அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

யாரிடமிருந்து கசிந்தது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஐந்து பேரும் ஒரே பெயரில் நுழைந்தால் எப்படி முடியும்? ஐந்து பேரும் ஒருவரையொருவர் சந்தேகித்த அந்த வாரம் எனக்குப் பணம் போயிருப்பதைவிடக் கொடியதாக இருந்தது. எனவே முதல் வேலை, ஆளுக்கொரு பயனர் பெயர். ஒரே பெயரை மட்டும் அனுமதிக்கும் தளத்துக்கு ஒரு பொறுப்பாளர், அவர் இல்லாதபோது ஒரு மாற்று ஆள். வங்கியில் ஒருவர் பதிவிட்டு இன்னொருவர் ஒப்புதல் தரும் முறையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கடவுச்சொல். நீளம்தான் பலம். ஐந்து பகடைகளை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து சொல் எடுக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அப்படி நான்கு சொல் எடுத்தால் சுமார் 3,656 லட்சம் கோடி வாய்ப்புகள். நான் தமிழ் அகராதியைக் கண்ணை மூடிப் பிரித்து விரல் வைக்கிறேன். குடை, செங்கல், எருமை, மத்தளம் என்று வந்தால் ஆங்கில எழுத்தில் 25 எழுத்துகள்; மனத்திலும் நிற்கும். (இங்கே எழுதிவிட்டதால் இதை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது.) சொற்கள் தற்செயலாக வர வேண்டும். பிள்ளையின் பெயர், பாட்டு வரி எதுவும் வேண்டாம்.

மாதாமாதம் மாற்றச் சொல்லும் வழக்கத்தையும் விடுங்கள். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே, கசிந்ததற்கான அறிகுறி இருந்தாலொழியக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று கூறிவிட்டது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டுகிறார்கள். நாங்களும் 123ஐ 124 ஆக்கியவர்கள்தான்.

பதினொரு தளங்களுக்குப் பதினொரு வெவ்வேறு கடவுச்சொற்களை நினைவில் வைக்க முடியாது. கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பிட்வார்டன், கீபாஸ் போன்ற பெட்டகச் செயலிகள் அதற்குத்தான். பெட்டகத்தைத் திறக்கும் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உலாவியில் இணைத்துக்கொண்டால் இன்னொரு நன்மை: பார்வைக்கு வங்கித் தளம் போலவே இருக்கும் போலிப் பக்கத்தில் பெட்டகம் தானாக நிரப்பாது. அப்போது கையால் தட்டாமல் முகவரியைப் படியுங்கள்.

எங்கள் ஊரில் ஓடிபி ஒரு தனித் துன்பம். மரம் விழுந்து மின்சாரம் போனால் கைபேசிக் கோபுரமும் ஓயும், குறுஞ்செய்தி வராது. எங்கள் வங்கிக்கு வேறு வழியில்லை, காத்திருப்போம். ஆனால் மின்னஞ்சலுக்கும் பெட்டகத்துக்கும் அங்கீகாரச் செயலியை வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் கியூஆர் குறியீட்டைப் படம்பிடிக்கும்போதே ஒரு ரகசியச் சாவி கைபேசிக்குள் வந்துவிடுகிறது. அதையும் கடிகார நேரத்தையும் சேர்த்து 30 நொடிக்கு ஒருமுறை கைபேசியே ஆறு இலக்க எண்ணைக் கணக்கிடுகிறது. அந்த எண்ணுக்குச் சிக்னல் வேண்டாம். கைபேசியின் நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

கைபேசி தொலைந்தால் உதவும் மாற்றுக் குறியீடுகளையும் பெட்டகத்தின் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் இங்கே காகிதம் நமுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். மைப்பேனா எழுத்து ஊறிப் பரவும். பென்சிலால் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைக் காகித உறைக்குள் ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே மேலாளரும் நானும் கையெழுத்திடுவோம். பிரித்திருந்தால் தெரிந்துவிடும்.

ஆள் விலகும் நாளை மறந்துவிடாதீர்கள். போன மாதம் இலை எடைக் கணக்குப் பார்த்த தம்பி திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பினான். "என் மேல் நம்பிக்கை இல்லையா அக்கா?" என்று கேட்டான். "நாளைக்கு இங்கே ஏதாவது நடந்தால் உன் பெயர் அடிபடக் கூடாது தம்பி" என்றேன். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். அவன் கண் முன்னாலேயே அவன் பயனர் பெயரை முடக்கி, அவனுக்குத் தெரிந்த இரண்டு கடவுச்சொற்களை மாற்றி, மின்னஞ்சலில் அவன் கைபேசியை நீக்கினேன். நாற்பது நிமிடம் ஆனது. மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்க அவனுக்கு நேரம் இருந்தது.