டீமன் நின்ற பிறகு கெர்னலில் தங்கும் எச்சங்களை அகற்றும் முறை

லினக்ஸில் பின்னணியில் ஓடும் டீமன் எப்படி இறந்தாலும், அது பிடித்திருந்த நினைவகம், திறந்திருந்த கோப்புகள், சாக்கெட்டுகள், கோப்புப் பூட்டுகள் ஆகியவற்றைக் இயங்குதளத்தின் மையமான கெர்னலே விடுவித்துவிடும். ஆனால் அது சேர்த்த ரூட்டுகள் (நெட்வொர்க் பாதைகள்), ஃபயர்வால் விதிகள், மவுண்ட்டுகள், மாற்றிய சிஸ்கண்ட்ரோல் மதிப்புகள் (கெர்னல் அமைப்புகள்), ப்ராசஸுகள் பகிரும் சிஸ்டம் ஃபைவ் பகிர்வு நினைவகம் ஆகியவை பொதுவாக எந்த ப்ராசஸுக்கும் சொந்தமானவை அல்ல. யாரேனும் அகற்றும்வரையோ கணினி மறுதொடக்கம் ஆகும்வரையோ அப்படியே கிடக்கும்.

நிற்கச் சொல்லும் சிக்னலான சிக்டெர்ம் வந்ததும், அதற்காக ஓடும் சிக்னல் ஹேண்ட்லருக்குள்ளேயே துப்புரவைத் தொடங்காதீர்கள். நிரல், நினைவகம் ஒதுக்கும் மால்லாக்கின் நடுவில் இருக்கும்போது சிக்னல் வந்து, ஹேண்ட்லரும் மால்லாக்கை அழைத்தால், தானே பிடித்திருக்கும் பூட்டுக்காகத் தானே காத்து டீமன் உறைந்துவிடக்கூடும். சிக்னலைக் கோப்புபோல் படிக்கவிடும் சிக்னல்எஃப்டி வழியாக அதை மெயின் லூப்பில் வாங்கி, சேர்த்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் ஒவ்வொன்றாக அகற்றுங்கள்.

இது பாதி வேலைதான். உடனே கொல்லும் சிக்னலான சிக்கில்லை எந்த நிரலாலும் பிடிக்க முடியாது; நினைவகம் தீர்ந்தால் கெர்னல் அனுப்புவதும் அதுதான், டீமன் நிற்கத் தாமதித்தால் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 வினாடிகளுக்குப் பின் அனுப்புவதும் அதுதான். ஆகவே, வெளியேறும்போது செய்யும் துப்புரவை நம்பாமல், முடிந்தவரை எச்சமே விழாதபடி அமைப்பதே நல்லது என்பது என் கருத்து. எடுத்துக்காட்டாக, டன் எனும் மெய்நிகர் நெட்வொர்க் இடைமுகத்தை நிலையானதாகக் குறிக்காமல் விட்டால், அதன் எஃப்டி (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) மூடப்பட்டதும் இடைமுகமும் அதன்மேல் இருந்த ரூட்டுகளும் சேர்ந்தே மறையும். சிஸ்டம் ஃபைவ் பகிர்வு நினைவகத்துக்குப் பதில் எஃப்டி வழியே பிடிக்கும் நினைவகமான மெம்எஃப்டியைப் பயன்படுத்தினால் கடைசி எஃப்டியும் மேப்பிங்கும் போனவுடன் அதுவும் போய்விடும்.

இப்படிக் கட்டிவைக்க முடியாதவற்றுக்கு உங்கள் அடையாளத்தை இட்டு, அடுத்த முறை தொடங்கும்போது துடைத்துவிடுங்கள். ரூட் சேர்க்கையில் வேறு எந்த ரூட்டிங் டீமனும் பயன்படுத்தாத ஒரு ப்ரோட்டோ எண்ணை (ரூட்டை யார் சேர்த்தது என்று காட்டும் எண்), 200 என்று வைத்துக்கொள்வோம், குறிப்பிட்டால் ஐபி ரூட் ஃப்ளஷ் கட்டளையால் அந்த எண்ணுள்ள ரூட்டுகளை மட்டும் அழிக்கலாம். அந்தக் கட்டளை இயல்பாக மெயின் டேபிளை மட்டுமே தொடும் என்பதால், எல்லா டேபிள்களையும் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். ஐபிவி6 ரூட்டுகளுக்குத் தனியாக ஒருமுறை ஓட்டுவது பாதுகாப்பானது. ஃபயர்வால் விதிகளுக்கான என்எஃப்டியில் தனி டேபிள் வைத்து அதை மட்டும் நீக்குங்கள். மொத்த விதித்தொகுப்பையும் அழித்தால் பிறருடைய விதிகளும் சேர்ந்து போகும்.

சிஸ்கண்ட்ரோலில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பழைய மதிப்பை ஒரு கோப்பில் சேமிக்கும் டீமன், விபத்தில் இறந்து மீண்டும் எழும்போது, தான் மாற்றிய மதிப்பையே பழையது என்று எழுதிவிடுகிறது. கோப்பு ஏற்கெனவே இருந்தால் அதன்மேல் எழுதாதீர்கள். கோப்பை ரன் அடைவில் வைத்தால் மறுதொடக்கத்தில், மாற்றிய மதிப்போடு சேர்ந்து அதுவும் மறைந்துவிடும்.

துடைக்கும் முன் எஃப்லாக் எனும் கோப்புப் பூட்டைப் பெற்றுவிடுங்கள். இல்லையென்றால் உயிரோடிருக்கும் இன்னொரு பிரதியின் ரூட்டுகளைப் பிடுங்கிவிடுவீர்கள். ப்ராசஸ் எண்ணை எழுதிவைக்கும் பிஐடி கோப்பு இதற்குப் போதாது, ஏனெனில் அந்த எண் வேறொரு ப்ராசஸுக்குப் போயிருக்கலாம். டீமன் மீண்டும் எழப்போவதில்லை என்றால், இதே துப்புரவை சிஸ்டம்டி சேவைக் கோப்பின் எக்செக்ஸ்டாப்போஸ்ட் வரியில் வையுங்கள். விபத்தில் இறந்தாலும் அது ஓடும், எக்செக்ஸ்டாப்புக்கு அந்த உறுதி இல்லை.

சோதிக்க, தொடங்கும் முன் ரூட் பட்டியல், என்எஃப்டி விதிகள், ஐபிசிஎஸ் வெளியீடு (பகிர்வு நினைவகப் பட்டியல்) ஆகியவற்றைச் சேமித்து, டீமனை ஓட்டி, கில் மைனஸ் 9 (அதாவது சிக்கில்) கொடுத்துக் கொன்று, துப்புரவு முடிந்தபின் அதே பட்டியல்களை மீண்டும் எடுத்து டிஃப் கட்டளையால் ஒப்பிடுங்கள். வெளியீடு வெறுமையாக வர வேண்டும்.