நாட்டோட கார்பன் கணக்குக்கு டேட்டாபேஸ் கட்டுறீங்களா, விடையை சேக்காதீங்க, மூலத்தை சேத்து வைங்க

ஒரு நாடு வருஷத்துக்கு எவ்வளவு பசுமை இல்ல வாயு விடுதுன்னு கணக்கு வைக்கிற டேட்டாபேஸ் எப்படி கட்டுறதுன்னு காரைக்குடி பக்கம் படிக்கிற பிள்ளைங்க கேக்குறாங்க, அவங்களுக்காகத்தான் இது. எல்லாரும் முதல்ல எக்செல்ல ஒரு ஷீட் போடுவாங்க, துறை, வருஷம், எத்தனை டன், முடிஞ்சுது. அது வேலைக்கு ஆகாது, ஏன்னா நாலு வருஷம் கழிச்சு அந்த டன் எங்க இருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

நகரத்தார் வீட்டுப் பழைய கணக்கு நோட்டு பாத்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். பர்மா, மலாயான்னு கொடுக்கல் வாங்கல் பண்ணவங்க அன்னன்னைக்கு குறிப்புல எழுதி, அதை பேரேட்டுல ஏத்தி, கடைசிலதான் ஐந்தொகை போடுவாங்க, அதுல எந்த எண்ணைப் புடிச்சாலும் பின்னாடியே போய் மூலப் பதிவுல நிக்கலாம். நம்ம டேட்டாபேஸும் அப்படி இருக்கணும்.

ஐநாவோட பருவநிலை நிபுணர் குழு ஐபிசிசி, அதோட 2006 வழிகாட்டிக்கு அடிப்படை ஒரு பெருக்கல்தான், எவ்வளவு செஞ்சோம்ங்கற அளவு இன்ட்டு எமிஷன் ஃபேக்டர், அதாவது ஒரு அலகுக்கு எவ்வளவு வாயு வருதுங்கற எண். இது ரெண்டும் தனித்தனி டேபிள். டீசல் 1000 லிட்டர்னா, அடர்த்தி லிட்டருக்கு 0.84 கிலோன்னு வச்சா 840 கிலோ, எரிச்சா டன்னுக்கு 43 கிகாஜூல் வெப்பம், ஒரு கிகாஜூலுக்கு 74.1 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு, பெருக்குனா சுமார் 2,676 கிலோ. இதுல 0.84, 43, 74.1 மூணுமே புரோகிராம் கோடுக்குள்ள எழுதக் கூடாது, ஒவ்வொண்ணும் ஒரு ரோ, அதோட யூனிட், எந்த ஆவணத்துல இருந்து எடுத்தது, எந்த டயர் (கணக்கு முறை எவ்வளவு நுணுக்கம்ங்கற படிநிலை), எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் எல்லாம் பக்கத்துல இருக்கணும்.

வருஷம்னு ஒரே எண்ணா வைக்காதீங்க. நம்ம நாட்டுல நிறைய டேட்டா ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் வரும், அதனால ஆரம்ப தேதி முடிவு தேதி ரெண்டையும் வைங்க.

வாயுக்களை அதது எடையிலேயே வைங்க, இதை ரொம்ப அழுத்திச் சொல்றேன். ஒரு டன் மீத்தேன் எத்தனை டன் கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம்னு பெருக்குற எண், ஐபிசிசி ரெண்டாவது அறிக்கையில 21, நாலாவதுல 25, அஞ்சாவதுல 28, பாரிஸ் ஒப்பந்த ரிப்போர்ட்டுக்கு அந்த அஞ்சாவது அறிக்கை எண்தான். பெருக்கி வச்சுட்டு மூலத்தை விட்டுட்டீங்கன்னா மாத்தும்போது மாட்டிக்குவீங்க. இந்த எண்களுக்கு ஒரு குட்டி டேபிள், பெருக்கல் வியூல, அதாவது கேக்கும்போது மட்டும் கணக்கு போட்டுக் காட்டுற டேபிள்ல, நடக்கட்டும்.

அடுத்தது காலி கட்டம், நிறைய பேர் சறுக்குறது இங்கதான். பூஜ்யம் வேற, நம்ம நாட்டுல அந்த வேலையே நடக்கலைங்கறது வேற, நடக்குது ஆனா கணக்கிடலைங்கறது வேற, வேற தலைப்புல சேத்தாச்சுங்கறது வேற, ரகசியம்ங்கறதும் வேற. பூஜ்யம் தவிர மத்த நாலுக்கும் வரிசையா என்ஓ, என்இ, ஐஇ, சின்னு குறியீடு இருக்கு, அதுக்குத் தனி ஃபீல்டு வைங்க. காரைக்குடி பங்க்ல போடுற டீசல் லாரிக்கும் போகும், டிராக்டருக்கும் போகும், பெரிய வீட்டுக் கல்யாண ஜெனரேட்டருக்கும் போகும், விற்பனைக் கணக்கை மட்டும் வச்சு பிரிக்க முடியாது. எல்லாத்தையும் ரோடு போக்குவரத்துல போட்டா, விவசாய டீசல்ல பூஜ்யம் போடாம ஐஇ போட்டு எங்க சேத்தோம்னும் எழுதணும்.

அதே கல்யாணத்துல சீமைக்கருவேல விறகு வச்சு சமைக்கிறாங்கல்ல, அதோட மீத்தேனும் நைட்ரஸ் ஆக்ஸைடும் எனர்ஜி கணக்குல வரும், ஆனா கார்பன் டை ஆக்ஸைடு மொத்தத்துல சேராது, மெமோன்னு தனி வரியில தகவலுக்கு மட்டும் காட்டணும், ஏன்னா மரம் குறைஞ்சது நிலப் பயன்பாட்டுக் கணக்குல வந்துடும். அதனால எரிபொருள் டேபிள்ல இது பயோமாஸா இல்லையான்னு ஒரு ஃபீல்டு கட்டாயம்.

நெல்லுக்கு ஏக்கர் மட்டும் பத்தாது. தண்ணி நிலையைப் பொறுத்து மீத்தேன் மாறும், அதுக்குப் பெருக்குற எண்ணா எப்பவும் தண்ணி நிக்கிற வயலுக்கு 2006 வழிகாட்டி 1னு எடுக்குது, மழையை நம்பி இருக்குற வயலுக்கு 0.28, வறட்சிக்கு ஆளாகுறதுக்கு 0.25. சிவகங்கை மாவட்டத்து மானாவாரி வயலையும் காவிரி டெல்டாவையும் ஒரே ஃபேக்டர்ல பெருக்கினா நம்ம விவசாயி மேல இல்லாத மீத்தேனை ஏத்துறோம். தண்ணி நிலை, பயிர் நாள் ரெண்டும் இல்லாத ரோவை உள்ளயே விடாதீங்க.

துறைகளோட கேட்டகரி கோடு எது எதுக்குச் சமம்னு சொல்ற மேப்பிங் டேபிள் வேணும், 2006 வழிகாட்டியில நெல் 3சி7, இப்ப ரிப்போர்ட் பண்ற பொது அட்டவணையில 3சி.

பழைய ரோ மேல எழுதுறது கூடவே கூடாது. திருத்தம் வந்தா புது வெர்ஷன், யார் எப்ப ஏன் மாத்துனாங்கன்னு காரணத்தோட. முறை மாறினா அந்த வருஷம் மட்டும் இல்ல, முழு வருஷ வரிசையையும் மறுபடி ஓட்டணும். அனுப்புன ரிப்போர்ட்டை ஸ்னாப்ஷாட்டா, அன்னைக்கு இருந்தபடியே நகலெடுத்து, பூட்டி வைங்க. இந்தியா 2024 டிசம்பர்ல ஐநாவுக்கு அனுப்புன நாலாவது ஈராண்டு அறிக்கையில 2020க்கு நிலப் பயன்பாடு சேக்காம கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமா மாத்தி சுமார் 295.9 கோடி டன்னு இருக்கு, அந்த மாதிரி ஒரு எண்ணை பத்து வருஷம் கழிச்சு கேட்டாலும் உங்க சிஸ்டம் அதே எண்ணை திரும்ப எடுத்துக் குடுக்கணும்.

செக்கிங்ல முக்கியமானது ஒண்ணு, நாட்டுக்குள்ள வந்த மொத்த எரிபொருளை வச்சு ஒரு கணக்கு, துறைவாரியா எரிச்சதை வச்சு இன்னொரு கணக்கு, ரெண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல வித்தியாசம்னா எச்சரிக்கை அடிக்கட்டும்.

போஸ்ட்கிரெஸ்ங்கற இலவச டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் போதும், பெருசா எதுவும் வேண்டாம். முதல்ல ரோடு டீசலை மட்டும் ஏத்தி 1000 லிட்டருக்கு அந்த 2,676 வருதான்னு பாருங்க, அப்புறம் அடர்த்தியை மாத்தி புது வெர்ஷன் போட்டு பழைய விடை அப்படியே நிக்குதான்னு பாருங்க, ரெண்டும் சரியா வந்ததுக்கு அப்புறம் நெல்லை ஏத்துங்க.