எச்-1பி வேலை விசாவில் அமெரிக்கா வந்திருக்கும் பாலக்காடு, சித்தூர்க்காரர்களுக்கு

வந்து இறங்கிய வாரமே ஐ-94 என்ற நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். எதுவரை தங்கலாம் என்பதைச் சொல்வது அதுதான். விசாவில் அச்சான தேதி நாட்டுக்குள் நுழைவதற்கு மட்டும். எச்-1பி ஒப்புதல் 3 ஆண்டுக்கு இருந்தாலும், பாஸ்போர்ட் அதற்குள் முடிவதாக இருந்தால் ஐ-94 தேதியை அதோடு நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்றிருந்தால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, அந்தத் தேதிக்குள் வெளிநாடு போய்த் திரும்ப வேண்டும். இல்லையென்றால் நிறுவனம் நீட்டிப்பு மனு போட வேண்டும். வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரி மாற்றத்துக்கான ஏ.ஆர்-11 படிவம் போட வேண்டும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயராகிவிடும். முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு., அதாவது முதற்பெயர் தெரியாது என்று விழும். கிளம்பாதவர்கள் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டு பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொண்டு வாருங்கள். வந்தபின் என்றால் சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கி என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும்.

வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் தங்கலாம். ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதற்குள் புது நிறுவனத்தின் மனு போய்ச் சேர வேண்டும். அவசரப்பட்டு ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். 2025 செப்டம்பரில் வந்த அதிபர் ஆணை, செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாமல் வெளிநாட்டில் இருப்பவருக்கான புது மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் வைத்தது. முதலில் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கிரீன் கார்டுக்குத்தான் பிறப்புச் சான்றிதழ். தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்தவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். பிறப்பு, நடந்த இடத்தில் பதிவாகும். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக்காரர் கோவை ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்தில் தேடிப் பயனில்லை, கோவை மாநகராட்சியில் கேளுங்கள். ஆந்திரச் சித்தூரிலிருந்து வேலூருக்குப் பிரசவத்துக்குப் போனவர்களுக்கும் அப்படியே. கோவையில் பிறந்தும் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் பாலக்காடு என்றிருந்தால், சான்றிதழும் பாஸ்போர்ட்டும் ஒன்றாக இருக்கும்படி திருத்துங்கள். மலையாளப் பள்ளிப் பதிவில் முருகேசன் ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்டில் வேறு என்றால், கேரளத்தில் இரண்டு பெயரும் ஒருவரே என்று வில்லேஜ் ஆபீசர் 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட் தருவார்.

பிறப்பே பதிவாகவில்லையா? பதிவு இல்லை என்ற சான்று, பிறப்பை நேரில் அறிந்த இருவரின் உறுதிமொழி, பள்ளிச் சான்று மூன்றும் சேர்த்து வையுங்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு கிரீன் கார்டு வரிசை பல ஆண்டுகள் நீள்கிறது. அப்பா, அம்மா, அத்தை நல்லபடியாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

வரிசை கணக்கிடுவது பிறந்த நாட்டை வைத்து, குடியுரிமையை வைத்து அல்ல. அபுதாபியில் பிறந்தவர் இந்திய வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கணவனோ மனைவியோ வளைகுடாவில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக் கணக்கில் இருவருமே போகலாம். பாலக்காட்டில் இப்படி எத்தனையோ குடும்பங்கள் உண்டு, கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

மலையாள, தெலுங்குத் தாள்களுக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். முழுமையானது, சரியானது, எனக்கு இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், நோட்டரி தேவையில்லை.